ஏக்கர் விலைய மட்டும் பாத்தா போதுமா?

ஆசிரியர் சார் வணக்கம்,

அமெரிக்கால ஏதோ ஒரு கிராமத்து கவுன்டில (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) நிலம் வாங்கி தோட்டம், கோழின்னு செட்டில் ஆகணும்னு நெனைக்கிறவங்க ஏக்கர் விலையையும் சொத்து வரியையும்தான் பாக்குறாங்க, ஆனா மொதல்ல பாக்க வேண்டியது தண்ணி. கொலராடோ மாநிலத்தயே எடுத்துக்கோங்க, 35 ஏக்கருக்கு கீழ இருந்தா பெரும்பாலும் வீட்டுக்குள்ள பொழங்க மட்டும்தான் கிணத்துக்கு பெர்மிட் தர்றாங்க, அந்த தண்ணிய தக்காளிச் செடிக்கு ஊத்துனாக்கூட தப்பு, சரி மழைத்தண்ணியாவது பிடிக்கலாம்னா 2016 சட்டப்படி ரெண்டே பீப்பா, மொத்தம் 110 கேலன்! அப்புறம் எங்கேருந்து வெள்ளாமை.

செப்டிக் டேங்குக்கு மண் ஒத்து வருமா, ட்ரெய்லர்ல (சக்கரம் வெச்ச வண்டி வீட்டுல) எத்தன நாள் தங்க விடுவாங்க, ரோட்டுல பனிய யாரு தள்ளுவாங்கன்னு கவுன்டி ஆபீஸ்ல கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. கோடையில இல்ல, ஜனவரில போய் பாருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்