ஓட்டையை முதலில் தேடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதையே இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சுக்குள் அணில் புகுந்துவிட்டது, விடிவதற்குள் தலைக்கு மேலே ஓட ஆரம்பித்துவிடுகிறது, ஒயரை வேறு கடித்து வைத்திருக்கிறது, அதைச் சுட ஏர் ரைபிள், அதான் காற்றுத் துப்பாக்கி, ஒன்று வாங்கப் போகிறேன் என்றாய். "சரி, பார்த்துச் செய்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது போதாது என்று அப்புறம்தான் உறைத்தது. போனில் பேசினால் நான் பாதியில் விட்டுவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னைத் தடுப்பதற்காக எழுதவில்லை. ஒயரைக் கடிக்கும் அணிலைச் சும்மா விட்டுவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு. மரச்சட்டம், பிளாஸ்டிக் குழாய், ஒயரின் மேலுறை எல்லாம் அதற்கு ஒன்றுதான். மேலுறை போன ஒயர் பஞ்சுக்கும் காய்ந்த சருகுக்கும் நடுவே கிடந்தால் தீப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முதல் வேலையாக மச்சுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உனக்கு இதுவரை நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் வீட்டுக் கூரையிலும் இதே தொல்லை. உன் அப்பாவிடம் ஓர் ஏர் ரைபிள் இருந்தது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை, 4.5 மில்லிமீட்டர் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, போடுவது. எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். ஆனால் கை நிதானம் எனக்குத்தான் அதிகம். 25 மீட்டர் தள்ளித் தாளை ஒட்டி வைத்துச் சுட்டால் ஐந்து பெல்லட்டும் ஒரு நாணயம் அளவுக்குள் விழும். அதனால் அணிலைச் சுடும் வேலை என்னிடம் வந்தது.

பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். சுவரோரம், ஐந்து மீட்டர்கூட இருக்காது, அணில் பின்னங்கால்களில் நின்றுகொண்டு எதையோ இரண்டு கைகளாலும் பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஸ்கோப்பில், குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கியில், கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் தலை பெரிதாகத் தெரிந்ததால் தவறவே தவறாது என்று நினைத்தேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே குறியை வைத்து விசையை இழுத்தேன். அணில் துள்ளி விழுந்து புரண்டது. அப்புறம் எழுந்தது. கழுத்தடியில் ரத்தம். ஒரு முன்னங்காலை இழுத்துக்கொண்டே சுவரில் ஏறிக் கூரை விளிம்பில் மறைந்துவிட்டது. அடுத்த பெல்லட்டைப் போடக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

ஏன் தவறியது என்று அப்பாதான் தாளை வைத்துக் காட்டினார். ஸ்கோப் குழலுக்கு மேலே நாலு, நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெல்லட் அந்த அளவு கீழேயிருந்து கிளம்பி, மெல்ல மேலேறி, நாம் குறி பழகிய தூரத்துக்கு வரும்போதுதான் பார்வைக் கோட்டைச் சரியாகத் தொடுகிறது. 25 மீட்டரில் நாணயத்தைத் தொடும் அதே துப்பாக்கி, ஐந்து மீட்டரில் குறிக்கு இரண்டரை சென்டிமீட்டர் கீழே அடித்தது. தாளில் இரண்டரை சென்டிமீட்டர் ஒன்றுமில்லை. அணிலுக்கு அது மூளைக்கும் தொண்டைக்கும் உள்ள தூரம். கிட்டே இருக்கிறதே, சுலபம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் தவறுகிறார்கள். நீ வாங்கினால் 5, 10, 15, 20, 25 மீட்டர் என்று ஒவ்வொரு தூரத்திலும் தாளில் சுட்டுப் பார்த்து, எங்கே விழுகிறது என்று எழுதி வைத்துக்கொள். பெல்லட்டின் பிராண்டை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து பார்.

அணில் கதையை முடிக்கிறேன். மூன்றாம் நாள் மத்தியானம் உன்னை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே கீச்கீச்சென்று மெலிதாக ஒரு சத்தம். முதலில் குருவி என்று நினைத்தேன். அப்பா ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பஞ்சும் நாரும் வைத்துக் கட்டிய கூட்டில் மூன்று குட்டிகள், கண் திறக்காதவை. நான் சுட்ட அணில் கூட்டுக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. அந்தக் காயத்தோடும் குட்டிகளிடம்தான் போயிருக்கிறது. ஒரு குட்டிக்குத்தான் உயிர் இருந்தது. துணியில் சுற்றிச் சூடு காட்டிப் பார்த்தோம், இரவு தாண்டவில்லை. அணில்பிள்ளை, அணில்பிள்ளை என்று உனக்கு விரலை நீட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையை அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும், இரண்டு வாரத்தில் வேறோர் அணில் அதே கூரைக்குள் வந்துவிட்டது. கூரை விளிம்புப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடுக்கு, நாலு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அணிலுக்கு அது போதும். அந்த இடுக்கு இருக்கிறவரை ஒன்று போனால் இன்னொன்று வரத்தான் செய்யும், காலியான இடத்தைப் பக்கத்து அணில் சும்மா விடாது. அப்பா அந்த இடுக்கைக் கம்பி வலையால் அடைத்தார். அதோடு தொல்லை நின்றது. அரை நாள் வேலை. அதை முதலிலேயே செய்திருந்தால் நான் துப்பாக்கியையே தொட்டிருக்க வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் ஓட்டையைத் தேடு. வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் மச்சில் விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் அசையாமல் நில். வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறது என்று தெரியும். புதிதாகக் கடித்த மரம் வெளுப்பாக இருக்கும். தினமும் உடம்பு உரசிப் போகும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போலக் கறை படிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் சும்மா செருகி வை. இரண்டு மூன்று நாளில் அது கீழே கிடந்தால் அதுதான் வழி.

கண்டுபிடித்தவுடன் அடைத்துவிடாதே. உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார். மர அணில்களில் பல வகை வருடத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும், குட்டிகள் தானாக வெளியே நடமாட எட்டுப் பத்து வாரம் ஆகும். தாயை வெளியே விட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளே பட்டினி கிடந்து சாகும், தாய் வெறிபிடித்தாற்போல் வேறோர் இடத்தைக் கடித்துத் திறக்கும். குட்டி இருந்தால் பொறு. அதுவரை ஒயர்களை உலோகக் குழாய்க்குள் விடச் சொல். குட்டி இல்லையென்றால், வெளியே போகலாம் உள்ளே வர முடியாது என்கிற மாதிரி ஒருவழிக் கதவு விற்கிறார்கள். அதை ஓட்டையில் மாட்டிச் சில நாள் விட்டு, சத்தம் முழுக்க நின்றபின் நிரந்தரமாக அடை. 12 மில்லிமீட்டர் கண் உள்ள கெட்டியான துத்தநாகம் பூசிய வலைதான் வேண்டும். நுரையைப் பீய்ச்சி அடைப்பதெல்லாம் ஒரு ராத்திரிக்குத் தாங்காது. கூரைக்கு மேல் சாய்ந்த கிளைகளை இரண்டரை மூன்று மீட்டர் தள்ளி வெட்டு. குருவிக்குத் தானியம் போடுகிறாய் அல்லவா, அதில் மிளகாய்த்தூளைக் கலந்துவிடு. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும். விஷம் மட்டும் வைக்காதே. செத்த அணிலைத் தின்னும் பூனைக்கும் பருந்துக்கும் அது போய்ச் சேரும். பிடித்துக்கொண்டுபோய்த் தூரத்தில் விடுவதும் பார்க்க இரக்கமாகத் தெரியும், ஆனால் கூடும் தெரியாமல் சேமிப்பும் இல்லாமல் முன்பின் தெரியாத இடத்தில் அது பெரும்பாலும் பிழைக்காது.

இத்தனையும் செய்தபிறகும் விடாமல் கடித்துக்கொண்டே இருக்கிறது, சுட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், சரி. ஆனால் அதற்கும் ஒழுங்கு இருக்கிறது.

நீ இருக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். இது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டுக்கு மேல் சக்தி உள்ள ஏர் ரைபிளுக்குச் சான்றிதழ் வேண்டும். ஜெர்மனியில் 7.5 ஜூலைத் தாண்டினாலே அனுமதி வேண்டும். எந்த அணில் என்பதும் முக்கியம். பிரிட்டனில் சாம்பல் அணிலைச் சுடலாம், சிவப்பு அணிலைத் தொட்டாலே குற்றம். ஆனால் கோடைக்காலத்தில் சாம்பல் அணிலுக்கும் விலாவில் செம்பட்டை ஏறிவிடும், நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவாய்.

இதை விளையாட்டுச் சாமான் என்று யார் சொன்னாலும் நம்பாதே. 1780-களிலேயே ஆஸ்திரியப் படை காற்றுத் துப்பாக்கியை ஏந்திப் போருக்குப் போயிருக்கிறது. உன் கையில் வரப்போவது அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் அதன் பெல்லட், மேல்நோக்கிச் சுட்டால் நூறு இருநூறு மீட்டர் தாண்டியும் யார் முற்றத்திலாவது போய் விழும். கிளையில் இருக்கும் அணிலை வானத்தின் பின்னணியில் ஒருநாளும் சுடாதே. கூரை முகட்டில் இருப்பதையும் சுடாதே. அணிலுக்குப் பின்னால் மண்மேடோ தடித்த மரமோ இருக்க வேண்டும், அது இல்லையென்றால் அன்றைக்கு வாய்ப்பு இல்லை, அவ்வளவுதான். மச்சுக்குள் சுடவே கூடாது. அங்கே ஒயரும் குழாயும் ஆணியும்தான், பெல்லட் எதில் பட்டு எங்கே திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. உருண்டை எஃகு ரவை விற்பார்கள், அதை வாங்காதே. அது கடினமான எதிலாவது பட்டால் சுட்டவன் முகத்துக்கே திரும்பி வரும். கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாமல் சுடாதே.

தூரம் என்று பார்த்தால், நாணயத்துக்குள் ஐந்துக்கு ஐந்து விழும் தூரம்தான் உன் தூரம். அது 15 மீட்டராக இருந்தாலும் அதற்கு மேல் ஒரு அடிகூடப் போகாதே. பக்கவாட்டில் நிற்கும்போது, கண்ணுக்கும் காதுக்கும் நடுவே. ஓடுவதைச் சுடாதே. அடுத்த பெல்லட் கையில் தயாராக இருக்கட்டும், அடிபட்டுத் துடித்தால் ஒரு நொடி தாமதிக்காமல் முடித்துவிடு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விடாதே. நான் செய்தது அதுதான்.

ஸ்பிரிங் வகை வாங்கினால் ஒன்று எழுதச் சொல்லி அப்பா பக்கத்தில் நிற்கிறார்: இறுக்கிப் பிடிக்காதே. பெல்லட் குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கிறது. உள்ளங்கையில் சும்மா தாங்கினாற்போல் வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதைக்கவிட்டால்தான் குறி நிலைக்கும். பெல்லட் போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இரு, அது பாய்ந்து மூடினால் விரல் போய்விடும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டால் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும்.

பெல்லட் ஈயம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதே. செத்த அணிலைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதை. அதைப் பருந்து தின்றால் ஈயம் அதன் வயிற்றுக்குள் போகும்.

வீட்டில் மூன்று வயதுக் குட்டி ஒருத்தி இருக்கிறாள். துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் டப்பா வேறொரு பூட்டில், சாவி உன் இடுப்பில். காலியாக இருக்கிறது என்று தெரிந்தாலும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூடப் போகாதே. அவளுக்கு அணில் சுடுவதைக் காட்டாதே, ஜன்னல் பக்கமும் அவளை நிறுத்தாதே.

நாளைக்கு உனக்கு விடுமுறைதானே? வெயில் ஏறியதும் மச்சுக்கு ஏறி, விளக்கை அணைத்துப் பார். வெளிச்சம் தெரியும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு, அப்பாவும் நானும் பார்த்துச் சொல்கிறோம். கூடு இருந்தால் கை வைக்காமல், சத்தம் மட்டும் கேட்டுவிட்டு இறங்கி வா. ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா