ஆத்தங்குடித் தரையும் பெயின்ட் வாளியும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா? வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், வருகிற சனி ஞாயிறில் நாங்களே முன்னறைக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று போனில் சொன்னாய். சந்தோஷம். சுவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கோணலாகப் போனால் மேலே இன்னொரு கோட்டிங் அடித்தால் தீர்ந்தது. நீ அனுப்பிய போட்டோவில் என் கண் போனது தரைமேல்தான். காரைக்குடிப் பழைய வீடு, ஆத்தங்குடிக் கல்.

அது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை அம்மா. கண்ணாடிமேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டுப் பாலை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது. அதனால் எது விழுந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் பழைய பிளாட்டில் வழித்து எடுத்த மாதிரி இங்கே எடுக்க முடியாது.

பெயின்ட் வேலையில் தரையைக் கெடுப்பது சொட்டு இல்லை, கால்தான். ஒரு சொட்டு விழுந்தால் ஒரு சொட்டுதான். அதை மிதித்துவிட்டு அடுப்படி வரை போனால் வழியெல்லாம் பெயின்ட். அதனால்தான் நான் வேலைக்குப் போன இடங்களில் சுவரோரம் மட்டும் விரிக்க மாட்டேன், அறை முழுக்க விரிப்பேன். வாசல்படிக்கு இந்தப் பக்கம் ஒரு ஈரச் சாக்கு, அந்தப் பக்கம் வேறு செருப்பு. உள்ளே போட்ட செருப்பு வெளியே வரக் கூடாது. மாப்பிள்ளையிடம் இதை நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் நன்றாக இருக்காது.

விரிப்பதற்கு முன்னால் பெருக்கு. இரண்டு தடவை பெருக்கு. விரிப்புக்கு அடியில் நாலு மணல் கிடந்தால் போதும், ஏணியும் நீங்களும் மேலே நடக்க நடக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். விரித்த பிறகு அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நியூஸ்பேப்பர் வேண்டாம். ஊறிக் கிழிந்து, மையும் சேர்ந்து ஒட்டும். கடையில் விற்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். வழுக்கும், அதில் விழுந்த பெயின்ட் சீக்கிரம் காயாது, காய்ந்தால் செதில் செதிலாக உரிந்து காலோடு வரும். பழைய பிளெக்ஸ் பேனர் கிடைக்கும், கேட்டுப் பார். அச்சடித்த பக்கம் மேலே இருக்கட்டும், மை கல்லில் ஒட்ட வேண்டாம். அதற்கு மேலே பழைய பருத்திப் போர்வை. பெயின்டைத் துணி குடித்துவிடும், மீதியைப் பிளெக்ஸ் தடுக்கும். ராத்திரி வேலை முடிந்ததும் இரண்டையும் சுருட்டி வை. மூடியே கிடந்தால் கல்லுக்கு அடியிலிருந்து வருகிற ஈரம் போக வழியில்லாமல் வெள்ளை பூக்கும்.

சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டு. எண்ணெய் போட்டுத் துடைத்த தரை என்றால் ஒட்டாது, உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்துவிட்டு ஒட்டு. கடைசி கோட்டிங் முழுதாகக் காய்வதற்கு முன்னால் சாய்த்து, மெதுவாக இழுத்து எடு. நாள் கணக்கில் விட்டால் பசை தரையிலேயே தங்கிவிடும்.

பெயின்டுக்கு முன்னால் சுவரில் பூசுகிற பட்டியைத் தேய்க்கிற தூசிதான் இன்னொரு தலைவலி. ஈரத்துணியை உடனே கொண்டு போகாதே, தூசி குழைந்து கல்லின் கண்ணுக்குள் போய்விடும். முதலில் காய்ந்த துடைப்பம், கடைசியில்தான் தண்ணீர்.

வாளி முழுக்கப் பெயின்டைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறாதீர்கள். சின்ன டப்பாவில் கால்வாசி ஊற்றிக்கொண்டால் போதும். ஏணிக் காலில் ரப்பர் இருக்கிறதா பார், இல்லையென்றால் துணி சுற்று. நகர்த்தும்போது தூக்கி வை, இழுக்காதே. இடுப்பில் ஒரு ஈரத்துணி எப்போதும் இருக்கட்டும். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலக்கிற பெயின்ட், அதன் சொட்டை ஈரத்தோடு துடைத்தால் தடமே இருக்காது. காய்ந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டு. தின்னர் ஊற்றினால் பெயின்ட் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும்.

வீடு கழுவ வருகிறவர்கள் கடைசியில் ஆசிட் கேட்பார்கள். வாங்கிக் கொடுக்காதே, வீட்டில் பாட்டிலே இருக்க வேண்டாம். அது சிமெண்டையே தின்னும். ஒரு தடவை பட்டால் பூவும் மங்கும், பளபளப்பும் போகும்.

என் பெரிய தார்ப்பாயும் நாலு பிரஷும் பஸ்ஸில் போட்டு விடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் ஸ்டாண்டுக்குப் போக முடியும் என்று எழுது. அம்மா ஜன்னல் அளவு கேட்கிறாள், திரை தைக்க.

அன்புடன்,
அப்பா