பெயர் தெரியாத அந்த அம்பயருக்கு நன்றி

ஹர்லிங் (மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டம்), கமோகி (அதன் பெண்கள் வடிவம்) ஆட்டங்களுக்கு நடுவராகப் பழகி வருகிறேன். அயர்லாந்தின் கார்க்கில் ஒரு சிறுவர் ஆட்டம். கோல் கம்பத்தருகே வெள்ளைக் கோட்டு போட்டு நின்று, கோலா பாயிண்ட்டா என்று கொடி காட்டும் அம்பயர் பெரியவர், இடைவேளையில் தானாகவே என்னிடம் வந்தார்.

"பந்தையே துரத்தாதீங்க, பந்து வச்சிருக்கிற பையனோட காலைப் பாருங்க" என்றார். பந்தைக் கையில் பிடித்தபடி நாலு எட்டுக்கு மேல் வைத்தால் ஃபவுல். அதுவரை எனக்குக் கண்ணில் படாமலே நழுவிக்கொண்டிருந்தது அதுதான்.

அப்புறம் இன்னொன்று. எதிராளி அடிக்க ஓங்கும்போது பின்னாலிருந்து அவர் மட்டையை நம் மட்டையால் தடுப்பது முறையான ஆட்டம். மட்டையால் அவர் கையில் அடித்தால் ஃபவுல். ஓட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். "காதைத் தீட்டிக்கங்க. மட்டையில மட்டை பட்டா 'டக்'குனு கேக்கும்" என்று, தன் கொடிக்கம்புகள் இரண்டையும் தட்டிக் காட்டினார். கோலுக்குப் பச்சை, பாயிண்ட்டுக்கு (பந்து கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால்) வெள்ளை, அந்தக் கொடிகள்தான்.

கமோகியில் பந்து கொஞ்சம் சிறியது, ஆனால் காலும் காதும் அங்கேயும் அப்படியே கைகொடுக்கின்றன. புதிதாக விசில் பிடிப்பவர்களைத் திட்டத்தான் ஓரத்தில் ஆள் அதிகம்; சொல்லிக்கொடுக்க வருபவர் அபூர்வம். ரொம்ப நன்றி ஐயா. அவரை அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதைச் சொல்லிவிடுங்கள்.