குத்துமதிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ட்ரோன் நில அளவை பற்றிய உங்கள் கட்டுரையில், "சங்கிலியை இழுத்துக் குத்துமதிப்பாக அளந்த காலம் மலையேறிவிட்டது" என்று ஒரு வரி. ரொம்ப நன்றி. பணிக்காலம் முழுக்க செயினும், செங்கோணம் பார்க்கிற கிராஸ் ஸ்டாஃபுமாக வரப்பில் நடந்தவன் நான், அளந்ததெல்லாம் குத்துமதிப்புதான் என்று உங்கள் இதழ் சொல்லித்தான் தெரிந்தது.

பழைய செயின் 66 அடி, 100 லிங்க், பத்து சதுரச் செயின் ஒரு ஏக்கர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீளத்தையும் அகலத்தையும் லிங்க்கில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் வந்துவிடும். அந்தச் செயினைப் பிடித்துப் போட்ட புலப்படத்தை, அதாவது வயலின் அளவு வரைபடத்தை, கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டும் ரோவர் கருவியோடு வருகிறவர் எல்லைக்கல் தேடுகிறார். உங்கள் நிருபர் அவரையாவது கேட்டிருக்கலாம். கருவி தான் நிற்கிற இடத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லும், சரி, அந்த இடம்தான் எல்லையா என்று யார் சொல்வது? சீமைக்கருவேல் புதருக்குள் கிடக்கும் கல் ட்ரோனுக்குத் தெரியாது. பல வயலில் கல்லே இருக்காது, பிடுங்கித் துணி துவைக்கப் போட்டிருப்பார்கள், அப்புறம் சர்வேயர் காசு வாங்கிக்கொண்டு தள்ளி அளந்துவிட்டார் என்று பேச்சு. உங்கள் இதழின் கேலிப்படங்களிலும் சர்வேயர் என்றால் கை நீட்டிக்கொண்டுதானே நிற்கிறார்!

பெட்டிச் செய்தியில் 1802-ல் சென்னையில் அடித்தளக்கோட்டை, அதாவது பெரிய நில அளவைக்கு ஆதாரமான முதல் நேர்கோட்டை, அளந்த ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டனுக்கு மட்டும் ஏகப்பட்ட மரியாதை. அவரும் செயினை வைத்துத்தான் அளந்தார் ஐயா. கோணம் அளக்கிற அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதைத் தானே சரிசெய்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அந்தக் கயிற்றை இழுத்த கூலியாட்களின் பெயரை யாரும் எழுதவில்லை. இப்போதும் முள்ளை வெட்டி வழிவிடுகிற செயின்மேன் பெயர் எந்தப் பத்திரிகையில் வருகிறது?

போகட்டும். முதல் படத்தின் கீழே 'தியோடலைட்' என்று போட்டிருக்கிறீர்களே, அது ஆட்டோ லெவல். அதன் குழாய் மேலும் கீழும் சாயாது, ரோடு, வாய்க்கால் மட்டம் பார்க்கிறவர்கள் வைத்திருப்பது. வீணையைத் தம்புரா என்று எழுதியிருந்தால் உங்கள் கச்சேரி விமர்சகர் விட்டிருப்பாரா? இணையப் பதிப்பில் அந்த ஒரு வார்த்தையையாவது மாற்றச் சொல்லுங்கள். 'குத்துமதிப்பு' உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.