விமான எரிபொருள் மீதான 29 சதவீத வரியைக் குறையுங்கள்: கானாடுகாத்தானிலிருந்து ஒரு மடல்

வரி விகிதங்களை முடிவு செய்யும் நிதித்துறைப் பெரியவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் காரைக்குடிக்குப் பக்கம் இருக்கும் கானாடுகாத்தானில் தாத்தா கட்டிய வீட்டில் நாலு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டு நடத்துகிறேன். விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் 29 சதவீதம் வாட் என்கிற மாநில விற்பனை வரி, 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதே எரிபொருளை அதற்கு வெளியில் நிறுத்திவிட்டீர்கள், இதெல்லாம் நீங்கள் போட்ட கணக்கு, நான் விளக்க வேண்டியதில்லை. போன வாரம் எங்கள் அடுப்படியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டெல்லிக்காரர்கள் ஆறு பேர், மூன்று நாள் தங்குவதாகப் பேச்சு. சென்னை வரை வந்துவிட்டார்கள். கவுனி அரிசி ஊறப்போட்டாச்சு, வெள்ளைப் பணியாரத்துக்கு மாவும் ஆட்டியாச்சு. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வருகிறது, மதுரைக்கு விமானத்தில் ஆறு டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை, காரில் பாண்டிச்சேரி போகிறோம் என்று. சமைக்கிற அக்காவுக்கு ஆள் வந்தால்தான் கூலி. மாவுச் சட்டியை மூடி வைத்துவிட்டு, "அப்ப நாளைக்கு நான் வரட்டுமா வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். என்ன சொல்வது? மதுரையிலிருந்து கூட்டிவர வேண்டிய டிரைவருக்கும் அன்றைக்கு ஓட்டம் இல்லை, ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுவதைப் பார்க்கக் கூட்டிப்போகும் பையனுக்கும் இல்லை.

கடைசி நேரத்தில் டிக்கெட் விலை ஏற்றுவது விமானக் கம்பெனிக்காரர்கள், அதை உங்கள் மேல் போடவில்லை. ஆனால் விமானம் ஓட்டும் செலவில் எரிபொருளே முப்பது, நாற்பது சதவீதம் வருகிறது, அதன் மேல் 29 சதவீதம் என்றால் அடிவிலையே ஏறித்தானே இருக்கும்? அதற்குப் பிறகு பாதுகாப்புக் கட்டணம் தலைக்கு 200 ரூபாய், விமான நிலையக் கட்டணம் தனி, டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிசினஸ் வகுப்புக்கு 18 சதவீதம் ஆக்கினீர்கள், சரி, வசதி உள்ளவர்கள் கட்டட்டும். எரிபொருள் வரி கடைசி வரிசையில் உட்காருகிறவரையும் விடுவதில்லையே. எத்தனையோ மாநிலங்கள் இதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. விலை குறைந்த ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு வரும் விமானம் இங்கே ஏன் நிரப்பப் போகிறது? அந்த வரியும் உங்களுக்கு முழுசாக வந்து சேராது.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இன்னும் பொட்டலாகக் கிடக்கிறது. அங்கே விமானம் இறங்கும் என்று கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறைக்கு நரைத்துவிட்டது. எத்தனை மனு, எத்தனை வாக்குறுதி! பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, தேக்குத் தூணும் நிலைக்கதவும் பழைய சாமான் கடைக்குப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேட்பது ஒன்றுதான். எரிபொருள் மீதான அந்த 29 சதவீதத்தைத் தயவுசெய்து குறையுங்கள். டிசம்பரும் ஜனவரியும்தான் எங்களுக்கு ஆள் வரும் மாதங்கள். அதற்கு முன்னால் ஒரு முடிவு வந்தால், அந்த அக்காவை வரச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான்காரன் ஒருவன்