மாற்று ரிமோட் சாவிப் பதிவில் நேர்ந்த சேவைக் குறைபாடு: புகார் கடிதம்

பெறுநர்:
பொது மேலாளர்,
கார் விற்பனை மற்றும் சர்வீஸ் நிலையம், கோயம்புத்தூர்.

பொருள்: புதிய சாவியைப் பதிந்தபோது பழைய சாவி செயலிழந்தது; கட்டணமின்றிச் சரிசெய்து தரக் கோருதல்.

ஐயா,

என் காரின் இரண்டு ஸ்மார்ட் சாவிகளில் ஒன்று தொலைந்துபோனதால், தங்கள் நிறுவனத்தின் வழியாகவே புதிய சாவி வாங்கி, தங்கள் பணிமனையிலேயே பதிவு செய்துகொண்டேன். ஆர்.சி., அடையாள அட்டை, காவல் நிலையத்தில் அளித்த மனுவின் நகல் ஆகியவற்றை முறையாகக் கேட்டு வாங்கிய தங்கள் சர்வீஸ் அட்வைசர், வீட்டில் இருக்கும் மற்றொரு சாவியையும் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. இந்த வண்டியில் புதுச் சாவியைப் பதியும்போது, பதிவான சாவியின்றி எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் இம்மொபிலைசரில் உள்ள பழைய பதிவுகள் அனைத்தும் அழிந்து, அப்போது உடன் வைத்துப் பதியப்படும் சாவிகள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதை, வேலை முடிந்த பிறகுதான் தங்கள் டெக்னீஷியன் வாயால் கேட்டறிந்தேன். தொலைந்த சாவியைக் கொண்டு யாரும் வண்டியை எடுத்துச் செல்லாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது என்பதால், அதில் எனக்குக் குறையில்லை. முன்கூட்டியே சொல்லாததுதான் குறை.

இப்போது பழைய சாவியின் எந்தப் பட்டனுக்கும் கதவு திறப்பதில்லை. அதனுள் இருக்கும் செருகுசாவியால் திறந்தால் அலாரம் அலறுகிறது. பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதே தவிர எஞ்சின் கிளம்புவதில்லை. இதைத் தெரிவித்தபோது, சாவியின் பேட்டரியை மாற்றிப் பார்க்கும்படி அட்வைசர் கூறினார். (எந்தப் புகாருக்கும் தங்கள் கவுண்டரில் முதலில் கிடைப்பது இந்தப் பதில்தான் போலும்.) புதிய சிஆர் 2032 பேட்டரி போட்டும் பயனில்லை. பேட்டரி அறவே தீர்ந்த சாவியாக இருந்தாலும், ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் எஞ்சின் இயங்க வேண்டும் என வண்டியின் கையேடே சொல்கிறது. சாவியிலுள்ள சிப், தனக்கு வேண்டிய மின்சாரத்தை அங்குள்ள ஆன்டெனா சுருளிலிருந்தே பெற்றுக்கொள்ளும். அப்படி வைத்தும் இயங்காத சாவிக்குப் பேட்டரியைக் குறை சொல்வது பொருந்தாது.

இத்தனைக்கும் பிறகு, பழைய சாவியை மீண்டும் பதிய இன்னொரு முறை லேபர் சார்ஜ் கட்ட வேண்டும் என்கிறார்கள். சாவிகளைப் பதியும் கருவியான ஸ்கேனரை இணைத்து மறுபடி பதிந்தால் முன்பு செய்த பதிவும் அழிந்து, இரண்டு சாவிகளையும் ஒருசேரப் பதிய வேண்டியிருக்கும் என்பதால், முதல் முறையே முழுமையாகச் செய்திருக்க வேண்டிய வேலைக்கு நான் இருமுறை பணம் தருவதாகவே இது ஆகும்.

எனவே இரண்டு சாவிகளையும் கட்டணமின்றிப் பதிந்து தருவதோடு, வண்டியில் இப்போது எத்தனை சாவிகள் பதிவில் உள்ளன என்று ஸ்கேனர் காட்டும் விவரத்தை ஜாப் கார்டில் எழுதி, முத்திரையிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைந்த சாவி நீக்கப்பட்டுவிட்டது என்பதற்கு என்னிடம் இருக்கக்கூடிய ஒரே சான்று அதுதான். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் நடவடிக்கை இல்லையெனில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாட்டிற்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்

இணைப்பு: பில், ஜாப் கார்டு, ஆர்.சி. நகல்கள்.