ஓட்டுக்கு அடியில் விரிக்கும் ஷீட்

சிங்கப்பூர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்து மாற்றப் போவதாக அம்மா சொன்னார்கள். ஆசாரியிடம் பேசுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்கே வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடிகளுக்குப் பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான். ஓட்டுக்கூரை இருப்பது தரைவீடுகளிலும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கத்துப் பழைய கடைவீடுகளிலும். விடியற்காலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் பலத்த காற்று அடித்தால் மழை படுக்கைவசமாக வரும். ஓட்டிடுக்கில் தண்ணீர் ஏறத்தான் செய்யும். அதை வாங்கி வெளியே விடுவது ஓட்டுக்கு அடியில் விரித்த, தண்ணீர் புகாத ஷீட். கஜா புயலில் ஓடு பறந்த நம்மூர் வீடுகளில் இது இருந்திருந்தால் நெல் மூட்டையாவது நனையாமல் தப்பியிருக்கலாம்.

ஷீட்டைக் கைமரத்தின் (முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரம்) மேல் குறுக்காக விரித்து, அதன்மேல் ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) அடித்து, பிறகு ஓடு. கீழ் விளிம்பில் தொடங்கி முகட்டை நோக்கிப் போக வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசை மீது 150 மி.மீ. ஏறி இருக்கட்டும், சரிவு குறைவென்றால் 225. பக்கவாட்டு ஒட்டு கைமரத்தின் மேல்தான் வர வேண்டும், அந்தரத்தில் கூடாது.

இழுத்துக் கட்டினால்தான் நல்ல வேலை என்று நினைப்பார்கள். அது தப்பு. இரண்டு கைமரத்துக்கு நடுவே 10 முதல் 15 மி.மீ. தொய்வு வேண்டும். அந்தத் தொய்வு வழியாகத்தான் தண்ணீர் ரீப்பருக்கு அடியில் ஓடும். விறைப்பாக இருந்தால் ரீப்பர் அணைபோட்டதுபோல் தடுக்க, தண்ணீர் ஆணி ஓட்டை வழியே உள்ளே இறங்கும். ரொம்பத் தொங்கவிட்டாலும் காற்றில் படபடத்து ஆணியடியில் கிழியும்.

ஆணி 20 மி.மீ. நீளம், அகலத் தலை, துத்தநாகப் பூச்சு. மேல் விளிம்பில் மட்டும், அடுத்த வரிசை மூடும் இடத்தில், கைமரத்தில் அடிக்கச் சொல்லுங்கள். தலை ஷீட்டோடு படிந்தால் போதும். ஓங்கி அடித்தால் தலையே ஷீட்டை வெட்டும். ஸ்டேப்ளர் வேகமாக முடியும், ஆனால் ஸ்டேப்ளர் பின் சாய்ந்து இறங்கினால் ஷீட்டில் கீறல். ஷீட்டைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது ரீப்பர்தான், அதனால் விரித்த பகுதிக்கு அன்றைக்கே ரீப்பர் அடித்துவிட வேண்டும்.

ஒழுகல் பெரும்பாலும் ஓரங்களில்தான். கீழ் விளிம்பில் ஷீட் கூரை ஓரப் பலகைக்குப் பின்னால் பை போலத் தொங்கினால் தண்ணீர் தேங்கி மரம் உளுத்துவிடும். அடியில் ஒரு தகடு கொடுத்து, நுனி தண்ணீர்க் காலுக்குள் (கூரை ஓரத்து மழைநீர்த் தொட்டி) விழும்படி விடுங்கள். இரு சரிவு சேரும் பள்ளத்தில் முதலில் 600 மி.மீ. அகலத் துண்டு ஒன்று, அதன்மேல் மற்றவை. முகட்டில் இந்தப் பக்கத்து ஷீட் அந்தப் பக்கம் 150 மி.மீ. தாண்டட்டும். குழாய் வரும் இடத்தில் வட்டமாக வெட்டாமல் பெருக்கல் குறியாகக் கீறி, நுனிகளைக் குழாயோடு மேலே மடக்கி டேப் ஒட்ட வேண்டும்.

பழைய ஃபிளெக்ஸ் பேனர் போதும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஓட்டுச் சூட்டில் அது மொறமொறத்து ஆணியடியில் விட்டுவிடும். தலைவர் முகம் உள்ளே தெரிவது தனிக் கஷ்டம். அலுமினியம் ஃபாயில் வாங்கினால் பளபளப்பு கீழே பார்க்கட்டும், அடியில் 25 மி.மீ.யாவது காற்றிடைவெளி வேண்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து பலன் போய்விடும். ஃபாயில் மின்சாரம் கடத்தும்: ஆணி வயரில் பட்டால் கூரை முழுக்க ஷாக், ஆகவே மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை.

சரிவு ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளம், கீழ் விளிம்பிலிருந்து முகடு வரை 6 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 120 சதுர மீட்டர். 1.5 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீள ரோல் 75 சதுர மீட்டர். இரண்டு போதும்போலத் தெரியும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதி போகச் சரிவுக்கு 5 வரிசை, இரண்டுக்கும் சேர்த்து 100 மீட்டர். பள்ளத்துக்கும் ஓரத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது. மூன்றாக வாங்குங்கள்.

இங்கே மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழும் ஆபத்து இருந்தால் பெர்மிட் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். நனைந்த ஷீட் வழுக்கும், ஆசாரியைப் பாதுகாப்பில்லாமல் ஏற்றாதீர்கள், இடுப்புக்கயிறாவது கட்டச் சொல்லுங்கள். மத்தியான மழைக்குள் மூட முடிந்த அளவுக்கு மட்டும் காலையில் ஓட்டைப் பிரிப்பதே இங்கு வழக்கம். நீங்கள் ஐப்பசிக்கு முன்னாடியே ஆரம்பியுங்கள்.

கைமர இடைவெளியையும் சரிவையும் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தம்பி